கிராமப்புற மருத்துவமனையில் மருந்தாளுநர் ரெசிடென்சி: விருப்பப் பட்டியலில் முதலிடம் தரலாமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பை முடித்துவிட்டுத் திருமணத்திற்குப் பின் மின்னசோட்டாவுக்கு வந்தவள் நான். வெளிநாட்டில் படித்த மருந்தாளுநர்களுக்கான எஃப்.பி.ஜி.இ.இ. தேர்விலும் ஆங்கிலத் தேர்விலும் தேறிச் சான்றிதழ் பெற்றுவிட்டேன். இப்போது பெரிய நிறுவனம் ஒன்றின் மருந்துக்கடையில் பயிற்சி மணிநேரங்களை முடித்துவருகிறேன். இந்த ஆண்டு, பட்டம் முடித்த மருந்தாளுநர்கள் பெறும் மேற்பயிற்சியான ரெசிடென்சியின் முதலாண்டுக்கு, அதாவது பி.ஜி.ஒய்.1 பயிற்சிக்கு, விண்ணப்பித்திருந்தேன். நேர்காணல்கள் முடிந்துவிட்டன. விண்ணப்பதாரர்களின் விருப்பத்தையும் மருத்துவமனைகளின் விருப்பத்தையும் பொருத்தி இடம் ஒதுக்கும் 'மேட்ச்' முறைக்கு விருப்பப் பட்டியலைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. முதலிடத்தில் எதை வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன்.

ஒன்று, நகரத்திலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே பத்துக்கும் மேற்பட்ட ரெசிடெண்ட்கள் இருக்கிறார்கள். தீவிர சிகிச்சை, புற்றுநோய், உறுப்பு மாற்று என எல்லாப் பிரிவுகளும் உண்டு. மற்றொன்று, மாநில எல்லையை ஒட்டிய கிராமப்புற மருத்துவ அமைப்பு. ஏறக்குறைய எண்பது படுக்கைகள் கொண்ட மைய மருத்துவமனையும், அதைச் சுற்றி நான்கு சிறு மருத்துவமனைகளும், சில கிளினிக்குகளும், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லமும் அதன் கீழ் இயங்குகின்றன. ரெசிடெண்ட்கள் இரண்டே பேர்.

தமிழ்நாட்டில் என் பயிற்சி ஆண்டு, விதிப்படி, பொது மருத்துவத்தில் ஆறு மாதமும் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதமுமாகக் கழிந்தது. முந்நூறு படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையில்தான் அந்தப் பயிற்சி நடக்க வேண்டும் என்பதால், சிறிய மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்பதையே நான் பார்த்ததில்லை. வார்டில் மருத்துவர்களோடு நடந்து குறிப்பெடுத்தேனே தவிர, ஒரு மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் எனக்கோ எனக்குக் கற்பித்தவர்களுக்கோ இருக்கவில்லை. ஆனால் அந்தக் கிராமப்புறக் கிளினிக்கில் நேர்காணலன்று நான் பார்த்தது வேறு. மருத்துவரோடு செய்துகொண்ட எழுத்துபூர்வ ஒப்பந்தத்தின்படி மருந்தாளுநரே ஒரு நீரிழிவு நோயாளியின் சர்க்கரைப் பதிவேட்டைப் பார்த்து, இரவு நேர இன்சுலினைக் கூட்டி, அடுத்த பரிசோதனைக்கும் தேதி குறித்தார். அதைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

இருந்தாலும் அச்சம் விடவில்லை. போதுமான அளவு கடினமான நோயாளிகளை அங்கே பார்ப்பேனா? பின்னர் தனித்துறை ஒன்றில் இரண்டாமாண்டுப் பயிற்சியான பி.ஜி.ஒய்.2 செய்ய விரும்பினால் கதவு அடைபட்டுவிடுமா? வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எனக்கு, பக்கத்தில் நின்று திருத்துவதற்கு அங்கே போதிய ஆட்கள் இருப்பார்களா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடபுலம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் இரண்டாவது வகை இடத்தில்தான் நான் ரெசிடென்சி முடித்தேன். மொன்டானாவின் கிழக்குப் பகுதியில் இருந்த அதே அமைப்பில் இன்றும் வேலை செய்கிறேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

கடினமான நோயாளிகள் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வருவார்கள், ஆனால் வரும் நேரத்தில் அவர்களைச் சுற்றி நிற்பவர்கள் மிகக் குறைவு. ஒரு குளிர்கால இரவில் நெஞ்சுவலியோடு வந்த விவசாயி ஒருவருக்கு இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. இதயக் குழாய் அடைப்பை நீக்கும் வசதி நூறு மைலுக்கு மேல் தொலைவில் இருந்தது. பனிப்புயலால் ஹெலிகாப்டரும் எழவில்லை. முதன்முதலில் மருத்துவ உதவி கிடைத்த நேரத்திலிருந்து 120 நிமிடங்களுக்குள் அந்தச் சிகிச்சையைத் தொடங்க வழியில்லை என்றால், 30 நிமிடங்களுக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது வழிகாட்டுதல். டெனெக்டிப்ளேஸ் மருந்தைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இந்த மருந்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. மாரடைப்பு என்றால் எடையைப் பொறுத்து 30 முதல் 50 மில்லிகிராம் வரை கொடுக்கிறோம். பக்கவாதம் என்றால் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம்தான், எவ்வளவு எடை இருந்தாலும் 25 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரே மருந்து, இரண்டு அட்டவணைகள். நள்ளிரவில், ஒரே செவிலியர் மூன்று வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அறையில், ஓர் அட்டவணைக்குப் பதிலாக மற்றதைப் பார்த்துவிடுவது எளிது. குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் செலுத்தினால் படிந்துவிடும் என்பதால் முன்னும் பின்னும் உப்புநீரால் கழுவ வேண்டும். இவை எல்லாமே பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால், மருத்துவர் என் பக்கம் திரும்பி, "இவருக்குக் கொடுக்கலாமா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டபோது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தக் கட்டடத்தில் நானும் எனக்குப் பயிற்சி தரும் மருந்தாளுநரான என் பிரிசெப்டரும் மட்டுமே இருந்தோம்.

பெரிய மருத்துவமனையாக இருந்திருந்தால் அவருக்கும் எனக்குமான தொடர்பு அன்றோடு முடிந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. நகரத்திலிருந்து வீடு திரும்பியவரைச் சில வாரங்கள் கழித்து எங்கள் கிளினிக்கில் நானே பார்த்தேன். மாத்திரைப் புட்டிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். டிகாக்ரெலோர் ஒரு புட்டியில், குளோபிடோக்ரெல் இன்னொன்றில்; இரத்தக் கட்டி உருவாகாமல் தடுக்கும் ஒரே வகை மருந்துகளான இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் மருந்துக்குக் காப்பீடு போதாமல் விலை அதிகமானதால் இரண்டாவதற்கு மாற்றியிருக்கிறார்கள். முதலாவதை நிறுத்தச் சொன்னது அவர் காதில் விழவில்லை, தாளிலும் தெளிவாக இல்லை. மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருவதைக் குளிர்காற்றால் வருவது என்று நினைத்திருக்கிறார். அவசரப் பிரிவு, வார்டு, கிளினிக், முதியோர் இல்லம் என்று ஒரே நோயாளியை ஓராண்டு முழுதும் தொடர்ந்து பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர் என்று நான் நம்புகிறேன். நகரத்து ரெசிடெண்ட் பெரும்பாலும் நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறிவிடுவார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் மருந்துகளை நான் மிகக் குறைவாகவே பார்த்தேன், உறுப்பு மாற்றைப் பார்க்கவே இல்லை. தீவிர சிகிச்சைக்காக ஆறு வாரம் நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த ஆறு வாரமும் இரண்டு இடங்களில் வாடகை கொடுத்தேன். ரெசிடென்சி உதவித்தொகை முழு மருந்தாளுநர் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் என்பதால் அது சுமையாகவே இருந்தது. தங்குமிடத்தை அமைப்பே ஏற்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பனியில் வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் தொலைபேசிதான்.

செங்காந்தள் எழுதியது:

வடபுலம் அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவு செய்யும் முன் மறுபக்கத்தையும் நீங்கள் எடைபோட வேண்டும் என்று விரும்புகிறேன். நான் பெரிய கல்வி மருத்துவமனையில் பி.ஜி.ஒய்.1 முடித்து, தீவிர சிகிச்சையில் பி.ஜி.ஒய்.2 செய்தவள்.

ஒரு கடினமான நோயை ஒருமுறை பார்ப்பது வேறு, அதையே முப்பது முறை பார்ப்பது வேறு. கிருமித் தொற்று முற்றி இரத்த அழுத்தம் சரிந்த நோயாளிகளை நான் அநேகமாக நாள்தோறும் பார்த்தேன். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்எபிநெஃப்ரின் எப்போது போதாமல் போகிறது, அதோடு வாசோபிரெசினை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது, சிறுநீரகம் செயலிழந்து இடைவிடாத டயாலிசிஸ் நடக்கும்போது நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் அளவு எப்படி மாறுகிறது என்பதெல்லாம், அடுத்தடுத்துப் பத்துப் பேரை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது. மாதத்திற்கு ஓரிருவர் மட்டுமே வரும் இடத்தில் அந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை. அதற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது.

எனவே உங்களுக்கு உறுப்பு மாற்று, இரத்தப் புற்றுநோய், தீவிர சிகிச்சை போன்ற ஏதேனும் ஒரு துறையில் உறுதியான நாட்டம் இருந்தால், நகரத்தையே முதலில் வையுங்கள். அந்தத் துறைகளின் பி.ஜி.ஒய்.2 நேர்காணல்களில், இத்தகைய நோயாளிகளை எவ்வளவு காலம் பார்த்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். சொந்த ரெசிடெண்ட்களை மேட்சுக்கு முன்பே பி.ஜி.ஒய்.2-க்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் பல பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. அதே நேரம், கிளினிக்கில் அந்த மருந்தாளுநர் இன்சுலினை மாற்றியதைப் பார்த்து மனம் அங்கேயே நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் உயிரோட்டமுள்ள வாக்கியம் அதுதான். அதை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை.

பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தனித்துறை எதிலும் எனக்கு உறுதியான நாட்டம் இல்லை. கிளினிக் பணியும் பொது மருத்துவமும்தான் பிடிக்கின்றன. இப்போது மிஞ்சியிருக்கும் கவலை, கற்பிக்க ஆட்கள் போதுமா என்பதுதான். இத்தனை சிறிய மருத்துவமனைகள் ரெசிடென்சியை ஏன் நடத்துகின்றன, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரியவில்லை. ஆள் பற்றாக்குறைக்கு மலிவான கையாக என்னை வைத்துக்கொள்வார்களோ என்று ஒருவர் எச்சரித்தார்.

ஏரிக்காற்று எழுதியது:

வணக்கம். நெப்ராஸ்காவில் ஒரு கிராமப்புற அமைப்பில் பல ஆண்டுகளாகப் பிரிசெப்டராகவும், பின்னர் ரெசிடென்சி இயக்குநராகவும் இருக்கிறேன். உங்களுக்கு வந்த எச்சரிக்கை நியாயமானது. அதனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட நான்கு சிறு மருத்துவமனைகளும் பெரும்பாலும் 'கிரிட்டிக்கல் ஆக்சஸ்' வகையைச் சேர்ந்தவையாக இருக்கும். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான வகை அது. உள்நோயாளிப் படுக்கைகள் 25-க்கு மேல் கூடாது. நோயாளிகள் தங்கும் காலம் ஆண்டுச் சராசரியில் 96 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது. பொதுவாக அடுத்த மருத்துவமனையிலிருந்து 35 மைல் தள்ளியிருக்க வேண்டும். அவசரப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்க வேண்டும். இதற்கு ஈடாக, பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இவற்றுக்கு நிலையான கட்டணத்தைத் தராமல், நியாயமான செலவில் 101 சதவீதத்தைத் தருகிறது. பி.ஜி.ஒய்.1 பயிற்சியை மருத்துவமனையே நடத்தி, அங்கீகாரமும் பெற்றிருந்தால், அதன் செலவில் மெடிகேர் நோயாளிகளின் பங்கையும் மெடிகேரிடமிருந்து பெற வழியுண்டு. பி.ஜி.ஒய்.2-க்கு அந்த வழி 2003-இல் வந்த விதியால் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. கிராமப்புறங்களில் முதலாண்டுப் பயிற்சியே அதிகம் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நாங்கள் இதை நடத்துவது பணத்திற்காக மட்டும் அல்ல. இங்கே ஒரு மருந்தாளுநர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப ஓராண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. விளம்பரத்தைப் பார்த்து வருபவர்கள் குளிர்காலம் ஒன்றைக் கண்டதும் கிளம்பிவிடுகிறார்கள். ஓராண்டு எங்களோடு இருந்து ஊரையும் மக்களையும் அறிந்த ஒருவர் தங்கினால் அது எங்களுக்குப் பேருதவி. அந்த ஆசையை நாங்கள் மறைப்பதில்லை, நீங்களும் அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

ஆட்கள் போதுமா என்பது வேறு விஷயம். தரவிதிகளின்படி, பிரிசெப்டராக இருப்பவர் பி.ஜி.ஒய்.1 முடித்து ஓராண்டு பணியாற்றியிருக்க வேண்டும். ரெசிடென்சியே செய்யாதவர் என்றால் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். மூன்றே மருந்தாளுநர்கள் இருக்கும் மருத்துவமனையில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனாலே அட்டவணை குலைந்துவிடும். ஆகவே நிகழ்ச்சி இயக்குநரிடம், கடந்த ஆண்டு எந்தப் பிரிவின் பயிற்சியாவது (ரொட்டேஷன்) ஆளில்லாமல் கைவிடப்பட்டதா என்று நேராகக் கேளுங்கள். ரெசிடெண்ட் மருந்தக வேலைக்கு நிற்கும் ஷிஃப்டுகள் எத்தனை, அவை நிரப்பப்படாத பணியிடத்திற்கு ஈடாக வைக்கப்பட்டவையா என்றும் கேளுங்கள். வாரத்திற்கு 80 மணிநேரம் என்ற வரம்பு நான்கு வாரச் சராசரியில்தான் கணக்கிடப்படுகிறது என்பதால், அந்த வரம்பு மட்டுமே உங்களைக் காப்பாற்றிவிடாது. இதற்குத் தயங்காமல் பதில் சொல்பவர்களை நம்பலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இப்போதுள்ள ரெசிடெண்ட்கள் இருவரோடும் இயக்குநர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். காலியாக இருந்த பணியிடங்களை நிரப்புவதற்காகவே ரெசிடென்சியைத் தொடங்கிய ஓர் இடத்திலிருந்து பாதியில் விலகியவரை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

என்ன கற்கலாம் என்பதற்கு வடபுலம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை முறையாகப் பயன்படுத்தும் திட்டம் சிறு மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும் என்று 2019-இல் வந்த மெடிகேர் விதி கட்டாயமாக்கியது. தொற்றுநோய் நிபுணர் ஒருவர்கூட இல்லாத ஊரில் அந்தத் திட்டத்தை நடத்துவது மருந்தாளுநர்தான். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்ற ஆண்டு அட்டவணையைத் தயாரிக்க, ஒவ்வொரு கிருமிக்கும் குறைந்தது 30 மாதிரிகள் வேண்டும். எங்கள் சிறு மருத்துவமனை ஒன்றில் ஈ.கோலையைத் தவிர வேறெதற்கும் ஓராண்டில் முப்பது சேராது. சென்ற முறை எங்கள் ரெசிடெண்ட் நான்கு மருத்துவமனைகளின் முடிவுகளையும் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து, ஒரே நோயாளியின் மாதிரிகள் திரும்பத் திரும்ப வருவதை நீக்கி, ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் சோதித்திருந்ததையும் சரிபார்த்து, அட்டவணையை உருவாக்கினார். சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாக எழுதிக்கொண்டிருந்த சிப்ரோஃப்ளாக்சசினை மருத்துவர்கள் குறைத்துக்கொண்டது அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான். அதுவே அவருடைய ஆண்டு ஆய்வுப் பணியாகவும் ஆனது.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் பாக்ஸ்டர் நிறுவனத்தின் நார்த் கோவ் ஆலையை மூழ்கடித்தபோது, நாட்டின் சிரைவழித் திரவங்களில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதை ஊரெல்லாம் அறிந்துகொண்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பங்கீடு வைத்தார்கள். சிறிதாக வாங்குபவர்களுக்குக் கிடைத்த பங்கும் சிறிது. அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் ரெசிடெண்ட் ஒவ்வொரு காலையும் நான்கு மருத்துவமனைகளின் உப்புநீர்ப் பைகளை எண்ணி, வாய்வழியாக நீர் குடிக்கக்கூடியவர்கள் யார், சிரைவழி மருந்தை மாத்திரையாக மாற்றக்கூடியவர்கள் யார் என்று மருத்துவர்களோடு பேசி, மிச்சமிருந்ததை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தார். பெரிய மருத்துவமனைகளில் இந்த முடிவுகளைத் துறைத் தலைவர்கள் எடுப்பார்கள். ரெசிடெண்டுக்கு மின்னஞ்சலில் முடிவு மட்டும் வரும்.

செங்காந்தள் சொன்னது சரி: மீண்டும் மீண்டும் பார்ப்பதால் வரும் தேர்ச்சியை எங்களால் தர முடியாது. எங்கள் ரெசிடெண்ட்களில் முதன்மை மருத்துவப் பணிக்கான பி.ஜி.ஒய்.2-க்குப் போனவர்கள் இருக்கிறார்கள். உறுப்பு மாற்றுக்குப் போனவர் யாரும் இல்லை. உங்கள் நாட்டம் கிளினிக்கிலும் பொது மருத்துவத்திலும் இருப்பதால், ஆள்பலம் பற்றிய கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால், கிராமப்புற அமைப்பையே முதலில் வைக்கச் சொல்வேன்.

நெய்தல்நிலம் எழுதியது:

மேலே உள்ளவர்கள் பயிற்சியைப் பற்றி நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நானும் உங்களைப் போலவே வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழோடு ரெசிடென்சிக்குள் வந்தவன் என்பதால் காகித வேலையைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

பயிற்சி ஆண்டில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு நீங்கள் உரிமம் பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். ஜூலையில் சேர்ந்துவிட்டுப் பிறகு உரிமத் தேர்வான நாப்ளெக்ஸ் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நமக்குப் பயிற்சி மணிநேரச் சான்று, மாநில வாரியத்தின் சரிபார்ப்பு என்று கூடுதல் படிகள் இருப்பதால், இங்கே படித்தவர்களைவிட ஒன்றிரண்டு மாதம் கூடவே ஆகும். நீங்கள் சொல்லும் அமைப்பு மாநில எல்லையை ஒட்டியது என்றீர்கள். அதன் கிளினிக்குகள் எதிர்ப்பக்க மாநிலத்திலும் இருந்தால் அங்கே பணிசெய்யத் தனி உரிமமும், அநேகமாகத் தனிச் சட்டத் தேர்வும் வேண்டும். இரண்டாவது உரிமத்தின் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்பதை மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள்.

விசா நிலையை நீங்கள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் கணவரின் விசாவைச் சார்ந்த வேலை அனுமதி என்றால், அந்த அட்டை காலாவதியாகும் நாள் பயிற்சி ஆண்டின் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், புதுப்பிக்க அனுமதிக்கும் முதல் நாளிலேயே விண்ணப்பியுங்கள். வசதி குறைந்த பகுதியில் பணிசெய்தால் விசாவில் சலுகை உண்டு என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை மருத்துவர்களுக்கான கான்ராட் திட்டத்தைச் சேர்ந்தது, மருந்தாளுநர்களுக்குப் பொருந்தாது. அதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பட்டியலைப் பொறுத்தவரை, எந்த மருத்துவமனை உங்களை எந்த இடத்தில் வைக்கும் என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்ற வேண்டியதில்லை. மேட்ச் முறை உங்கள் முதல் விருப்பத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டு வருகிறது. முதலில் வைத்தது கிடைக்காமல் போனாலும் இரண்டாவதில் உங்களுக்குள்ள வாய்ப்பு குறைவதில்லை. ஏரிக்காற்று சொன்ன கேள்விகளை இந்த வாரமே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நேர்காணலுக்குப் பின் விண்ணப்பதாரர் கேள்வி கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. உங்களை எத்தனையாவது இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்கக்கூடாது, அவர்களும் உங்களிடம் கேட்கக்கூடாது.